மஞ்சள் குளிசையும் மொஸ்கோவில் கேட்ட செய்தியும்

பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி, இரத்தமும் சளியுமாக மலம் போகும் நோய் அல்சரேட்டிவ் கொலைற்றிஸ். வெளியே சொல்ல வெட்கப்படும் நோய். என் சித்தி பல வருடங்களாக அதோடு வாழ்கிறார். கிளினிக்கில் அவருக்குக் கொடுக்கும் மஞ்சள் குளிசையின் பெயர் சல்பாசலசீன். அதை உருவாக்கியவர் யார் என்று தேடப்போய்த்தான் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற சுவீடன் நாட்டு வைத்தியரைப் பற்றி அறிந்தேன். மருந்தின் கதையைத் தேடிப்போன என்னை உலுக்கியது அவருடைய வாழ்வின் இன்னொரு பகுதி.

1890இல் பிறந்தவர். ஸ்டொக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 1937இல் உள்மருத்துவப் பேராசிரியரானார். சுவீடனின் அரச பல்கலைக்கழகமொன்றில் பேராசிரியர் பதவி பெற்ற முதற் பெண் அவரே.

அந்தக் காலத்தில் மூட்டுவாதம் பற்றீரியாத் தொற்றால் வருகிறது என்று பலர் நம்பினார்கள். நன்னாவும் நம்பினார். பற்றீரியாவுக்கு எதிராக அப்போதிருந்த புதிய ஆயுதம் சல்பா மருந்து. மூட்டுவலியைத் தணிப்பது அஸ்பிரின் குடும்பத்துச் சலிசிலேற்று. இரண்டையும் ஒரே மூலக்கூறாகப் பிணைத்தால் என்ன? பார்மசியா நிறுவனத்தின் இரசாயனவியலாளர்களோடு சேர்ந்து அதைச் செய்தார். சலசோபைரின் பிறந்தது. மூட்டுவாதக்காரருக்கு மட்டுமல்லாமல் குடற்புண் நோயாளருக்கும் கொடுத்துப் பார்த்தார். பலருக்குக் குணம் தெரிந்தது. 1942இல் முடிவுகளை வெளியிட்டார்.

அது எப்படி வேலை செய்கிறது என்பது தெளிவாக 35 வருடங்கள் எடுத்தன. குளிசையின் பெரும்பகுதி சிறுகுடலைத் தாண்டி உடையாமல் போகிறது. பெருங்குடலில் வாழும் பற்றீரியாக்கள்தாம் அந்தப் பிணைப்பை அறுக்கின்றன. 1977இல் ஒக்ஸ்போர்டில் பங்களாதேஷைச் சேர்ந்த ஆசாத் கானும் சகாக்களும் இரண்டு பாதிகளையும் தனித்தனியே கொடுத்துச் சோதித்தார்கள். புண்ணை ஆற்றுவது சலிசிலேற்றுப் பாதிதான். சல்பா வெறும் வண்டி. பக்கவிளைவுகளிற் பலவும் அந்த வண்டியால் வருபவை. அதனாற்தான் சல்பா இல்லாத மெசலசீன் பின்னர் வந்தது. நன்னாவின் கோட்பாடு பிழை, மருந்து சரி. மருத்துவத்தில் இப்படி நடப்பதுண்டு.

இதைப் பாவிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம். சல்பா ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். இரத்தம் நின்றதும் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நோய் திரும்பாமல் காப்பதும் அதன் வேலை.

இனி மொஸ்கோ. ராவுல் வலன்பேர்க் என்ற சுவீடன் இராஜதந்திரி, 1944இல் ஹங்கேரியில் யூதர்களுக்குப் பாதுகாப்புக் கடவுச்சீட்டு வழங்கி ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியவர். 1945 ஜனவரியில் சோவியத் படையினர் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தாய் மாய் கேட்டுக்கொண்டே இருந்தார். 1957இல்தான் சோவியத் அரசு, அவர் 1947இல் சிறையில் மாரடைப்பால் இறந்துவிட்டதாகச் சொன்னது. உடலைக் காட்டவில்லை.

1961 ஜனவரியில் மருத்துவ மாநாடொன்றுக்காக மொஸ்கோ போன நன்னா, தனக்கு அறிமுகமான சோவியத் பேராசிரியர் மியாஸ்னிகோவிடம் வலன்பேர்க் பற்றிக் கேட்டார். இருவரும் பேசியது ஜேர்மன் மொழியில். அவர் உயிரோடு இருக்கிறார், மனநல வைத்தியசாலையில் மோசமான நிலையில் இருக்கிறார் என்றே நன்னா விளங்கிக்கொண்டார். நாடு திரும்பியதும் பிரதமர் ஏர்லான்டரிடம் சொன்னார். ஏர்லான்டர் குருஷேவுக்கு எழுதினார். பிறகு மியாஸ்னிகோவ், தான் அப்படிச் சொல்லவில்லை, மொழி விளங்காத பிரச்சினை என்று மறுத்தார். 1965இல் மொஸ்கோவில் இருவரையும் நேருக்கு நேர் இருத்தினார்கள். அவர் மறுத்தார். நன்னா தன் சொல்லிலிருந்து இறங்கவில்லை. அந்த வருடமே மியாஸ்னிகோவ் காலமானார்.

எழுபது வயது தாண்டியவர், பெயரும் பதவியும் பெற்றவர், பேசாமல் இருந்திருக்கலாம். முகாமில் கண்டேன், பஸ்ஸில் ஏற்றியதைப் பார்த்தேன் என்று நமது தாய்மாரிடம் வந்து சொன்ன சாட்சிகள் எனக்கு ஞாபகம் வருகிறார்கள். அவர்களிற் பலர் பிறகு மௌனமானார்கள். ஏன் என்று நமக்குத் தெரியும்.

மாய் 1979இல் மகனைக் காணாமலே இறந்தார். நன்னா 1986இல். சுவீடனின் வரித் திணைக்களம் 2016இல் வலன்பேர்க்கை இறந்தவராகப் பதிந்தது. பதிவேட்டில் உள்ள இறந்த திகதி 1952 ஜூலை 31. அது எவரும் கண்ட நாளல்ல. சட்டப்படி கணக்குப் பார்த்து எழுதிய நாள்.