பிறப்பைக் கேட்காத வீடு

மரக்காணம் உப்பளப் பாத்திகளைக் கடந்து போகும்போதெல்லாம் நமக்கு 1930ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். உப்பு வரியை எதிர்த்து நாடே கிளம்பிய ஆண்டு அது. காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து, சென்னை மாகாணச் சட்டமன்றப் பதவியை விட்டு விலகினார் ஒரு பெண் மருத்துவர். அதே ஆண்டில் ஆதரவற்ற சிறுமியருக்காகத் தம் வீட்டுக் கதவைத் திறந்தவரும் அவர்தான். அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886 ஜூலை 30இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி குலத்தில் பிறந்தவர். அந்தப் பிறப்பைச் சொல்லி ஊர் பேசிய பேச்சைக் கேட்டே முத்துலட்சுமி வளர்ந்தார். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் எதிர்ப்பைத் தாண்டிச் சேர்ந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

பின்னர் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானார். அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். முஸ்லிம் மாணவியருக்குத் தனி விடுதி அமையவும் அவர் முயற்சி எடுத்தார் என்பதை நம் சமுதாயம் மறக்கக் கூடாது.

அந்த வழக்கத்திலிருந்து தப்பி வந்த சில பெண்கள் அவரிடம் அடைக்கலம் கேட்டனர். குலத்தைக் காரணம் காட்டி விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன. சட்டம் வரும்வரை அந்தப் பெண்கள் தெருவில் நிற்க முடியுமா? தம் வீட்டிலேயே அவர்களைத் தங்க வைத்தார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். பின்னர் அது அடையாற்றில் வேரூன்றி, சாதி மத வேறுபாடின்றி அனாதைச் சிறுமியருக்குச் சோறும் படிப்பும் தந்தது. பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது.

வீடிழந்த குழந்தைக்கு உணவைப் போலவே நிலையான பாசமும் தேவை என்று பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை தந்தது 1951இல். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு வீடு அதைச் செய்துகொண்டிருந்தது.

முத்துலட்சுமி 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் வித்திட்டு, 1968இல் மறைந்தார்.

இந்த வாழ்க்கையை நாம் இங்கே எழுதக் காரணம் உண்டு. நம் மஹல்லாக்களில் ஒரு யதீம் குழந்தையை வளர்க்கலாமா என்று பேச்சு வந்தால், இஸ்லாத்தில் தத்தெடுப்பு கூடாதே என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மார்க்கம் தடுத்தது வம்சாவளியை மாற்றுவதைத்தான், வளர்ப்பதை அல்ல. பெற்ற தந்தையின் பெயராலேயே பிள்ளையை அழைக்கச் சொல்லும் அல்அஹ்ஸாப் அத்தியாயம், தந்தை யாரென்று தெரியாவிட்டால் அவர்கள் நம் மார்க்கச் சகோதரர்கள் என்றும் சொல்கிறது. அந்தச் சட்டம் குழந்தையின் அடையாளத்தைக் காப்பதற்கு வந்தது. நாம் அதையே கதவடைக்கும் தாழ்ப்பாளாக்கிவிட்டோம்.

வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுரிமை இல்லை என்பது உண்மை. ஆனால் வாழும்போதே அன்பளிப்பாகக் கொடுக்கலாம். மூன்றில் ஒரு பங்குவரை வஸிய்யத்தும் எழுதலாம். மஹ்ரம் பற்றிய ஐயங்களை ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம்.

நம் நபி (ஸல்) அவர்களும் யதீமாக வளர்ந்தவர்களே. பாட்டனார் வீடும், பின்பு அபூதாலிபின் வீடும் அவர்களுக்குத் திறந்திருந்தன. ரமளானில் யதீம்கானாவுக்கு அரிசி மூட்டை அனுப்பும் நம் கைகள், ஒரு பிள்ளையின் கையையும் பிடிக்க அல்லாஹ் அருள்புரிவானாக.