கூலி பாரிஸ்ரர்

காந்தியடிகள் 1869ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2ஆந் திகதி போர்பந்தரிலே பிறந்தார். தந்தையார் சமஸ்தான திவான். இலண்டனிற் சட்டம் பயின்று 1891இல் பாரிஸ்ரரானார். 1893இல் ஒரு வழக்கின் பொருட்டுத் தென்னாபிரிக்கா சேர்ந்தார்.

அங்கே அவருடைய கல்வியையோ குடிப்பிறப்பையோ விசாரிப்பார் இலர். நேற்றால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தத் தொழிலாளராயிருந்தவருட் பெருந்தொகையினர் தமிழரும் தெலுங்கருமாவர். அதனால் வெள்ளையர் இந்தியர் யாவரையுங் கூலி என்றே அழைத்தனர். தமிழர் பெயரின் ஈற்றில் வரும் சாமி என்பதையும் ஏளனப் பெயராக்கினர். நம்முடைய மொழியில் உழைப்பின் ஊதியத்தைக் குறிக்குஞ் சொல் அங்கே ஓர் இனத்தின் வசையாயிற்று. காந்தியடிகளும் கூலி பாரிஸ்ரர் ஆனார். முதலாம் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும் பீற்றர்மரிற்ஸ்பேர்க்கிற் புகைவண்டியினின்று இறக்கப்பட்டார். குதிரை வண்டியிலே காலடியில் அமர மறுத்தமைக்காக அடிபட்டார்.

வசதி படைத்த இந்தியர் சிலர் தம்மை அராபியர் என்றும் பாரசீகர் என்றுஞ் சொல்லிக் கூலி என்ற பெயரினின்று தப்ப முயன்றனர். 1894இல் அடிகள் நிறுவிய நேற்றால் இந்தியக் காங்கிரசின் சந்தாவும் ஏழைத் தொழிலாளருக்கு எட்டாததாகவே இருந்தது. அந்நாளிலே எசமானன் அடித்ததனாற் பல்லுடைந்து, தலைப்பாகையைக் கையிலே பிடித்தபடி, பாலசுந்தரம் என்னுந் தமிழ்த் தொழிலாளி அவரிடம் அழுதுகொண்டு வந்தார். தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளுமாறு அடிகள் பணித்தார். வேறோர் எசமானனிடம் அவரை மாற்றுவித்தார். தாம் கூலியல்லர் என்று நிலைநாட்டுவதிற் பயனில்லை. கூலியே ஆயினும் ஒருவனை இழிவு செய்தலாகாது என்பதே அவர் வாழ்வு காட்டிய நெறி. 1913இல் மூன்று பவுண் வரியை எதிர்த்துத் தமிழ்த் தொழிலாளர் திரண்டபோது, அவர்களுடைய உடையையே தாமும் உடுத்தார். 1914இல் அவ்வரி ஒழிந்தது.

அவ்வாண்டிலேயே நமது தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே புகைவண்டித் தொடர்புடன் கப்பற் சேவை தொடங்கிற்று. அதற்கு முன்னரே பல்லாயிரவர் தோணியில் மன்னார்க் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டவர் பலர். மலைநாட்டைப் பொன்விளையச் செய்தவர் அவர்களே. ஆயினும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின், இலங்கையிலே பிறந்தவருங்கூடத் தலைமன்னார்த் துறையிலே கண்ணீருடன் கப்பலேறினர்.

அடிகள் 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தார். மலைநாட்டுத் தொழிலாளரையுங் கண்டார். யாழ்ப்பாணத்திலே தீண்டாமையை ஒழிக்குமாறும் வேண்டினார். வெள்ளையன் நம்மைக் கூலி என்றது கொடுமையாயின், நம்மவருள் ஒருவரை நாமே அச்சொல்லால் ஒதுக்குதல் அதனினுங் கொடுமையன்றோ? 1948 ஜனவரி 30ஆந் திகதி அடிகள் சுடப்பட்டு மறைந்தார்.

இளைஞர்காள்! ஆலய வீதியிலே துடைப்பம் ஏந்தி நிற்பவரையும், துறையிலே மூடை சுமப்பவரையும் உடை கண்டு எடைபோடுகின்ற வழக்கம் நம்மிடையே இன்னும் அற்றொழியவில்லை. அவர் யாரென்று அறிந்த பின்னர் காட்டும் மரியாதை அவருடைய பதவிக்குரியது. அறியுமுன் காட்டும் மரியாதையே மனிதனுக்குரியது. பலர் வந்திறங்கிய இக்கரையில் வாழும் நாம் அதனை முதலிற் பயில்வோமாக.