கேரி கில்டால்

கேரி ஆர்லன் கில்டால் (மே 19, 1942 – ஜூலை 11, 1994) அமெரிக்கக் கணினி அறிவியலாளரும் தொழில் முனைவோரும் ஆவார். சிபி/எம் இயங்குதளத்தை உருவாக்கியவர் இவரே. டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவர். ஐபிஎம் தனிநபர் கணினிக்கு இயங்குதளம் வழங்கும் வாய்ப்பைத் தவறவிட்டவர் என்றே இவர் பெரிதும் நினைவுகூரப்படுகிறார். எனினும், சிறிய கணினிகளில் ஒரே நேரத்தில் பல நிரல்களை இயக்கும் முறையைத் தொடக்க காலத்திலேயே விற்பனைக்குக் கொண்டுவந்த நிறுவனங்களுள் இவருடையதும் ஒன்று.

இளமையும் கல்வியும்

கில்டால் வாசிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரில் பிறந்தார். இவருடைய குடும்பத்தினர் அந்நகரில் கப்பல் மாலுமிகளுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தி வந்தனர். கணித ஆசிரியராகும் எண்ணத்துடன் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த இவருக்கு அங்கு கணினியில் ஈடுபாடு ஏற்பட்டது. பின்னர் கடற்படைப் பணியின் பகுதியாக, கலிபோர்னியாவின் மொன்டெரே நகரிலுள்ள கடற்படை முதுநிலைப் பள்ளியில் ஆசிரியரானார். 1972இல் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

நிரல்மாற்றிகள் உருவாக்கும் குறிமுறையைச் செம்மைப்படுத்துவது பற்றி 1973இல் இவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, தரவுப் பாய்வுப் பகுப்பாய்வின் அடிப்படைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அக்கட்டுரையில் விளக்கப்பட்ட வழிமுறை இவருடைய பெயராலேயே அழைக்கப்படுகிறது.

சிபி/எம்

1971இல் இன்டெல் நிறுவனம் 4004 நுண்செயலியை வெளியிட்டது. அதில் ஆர்வம் கொண்ட கில்டால், ஆசிரியப் பணியுடன் அந்நிறுவனத்தின் ஆலோசகராகவும் பணியாற்றினார். இன்டெல் நுண்செயலிகளுக்காக பிஎல்/எம் என்னும் நிரலாக்க மொழியை உருவாக்கினார். நெகிழ்வட்டு இயக்கி ஒன்றைத் தம் கணினியுடன் இணைத்துப் பயன்படுத்த விரும்பிய இவருக்கு, அதற்கான கட்டுப்பாட்டுச் சுற்றை நண்பர் ஜான் டொரோட் அமைத்துக் கொடுத்தார். அந்த வட்டில் கோப்புகளைக் கையாளுவதற்காக 1974இல் எழுதப்பட்டதே சிபி/எம். பிஎல்/எம் மொழியை ஏற்றுக்கொண்ட இன்டெல், சிபி/எம் மீது ஆர்வம் காட்டவில்லை. ஆகவே கில்டாலும் அவருடைய மனைவி டாரதி மெக்யூவனும் பசிபிக் குரோவ் என்னும் சிற்றூரில் சொந்தமாக நிறுவனம் தொடங்கினர். அதுவே பின்னர் டிஜிட்டல் ரிசர்ச் எனப் பெயர் பெற்றது.

அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் வெவ்வேறு வன்பொருள் அமைப்பைக் கொண்டிருந்தது. கில்டால், வன்பொருளை நேரடியாகக் கையாளும் கட்டளைகளை மட்டும் பிரித்தெடுத்து பயாஸ் என்னும் தனிப்பகுதியாக அமைத்தார். இதனால் புதிய கணினி ஒன்றுக்கு அச்சிறு பகுதியை மட்டும் மாற்றி எழுதினால் போதுமானதாயிற்று. சிபி/எம் 1970களின் இறுதியில் 8080, இசட்80 நுண்செயலிகள் கொண்ட கணினிகளில் மிகப் பரவலாகப் பயன்படுத்தப்பட்டது.

எம்பி/எம்: பல நிரல்கள், பல பயனர்கள்

சிபி/எம் ஒரு நேரத்தில் ஒரு நிரலை மட்டுமே இயக்கக் கூடியது. நீண்ட ஆவணம் ஒன்றை அச்சிடும்போது, பொதுவாக அது முடியும்வரை கணினியை வேறு பணிக்குப் பயன்படுத்த இயலாது. அச்சுப்பொறியின் வேகம் மிகக் குறைவாதலால், நுண்செயலி பெரும்பாலான நேரம் வேலையின்றிக் காத்திருந்தது.

இக்குறையை நீக்க டிஜிட்டல் ரிசர்ச் 1979இல் எம்பி/எம் இயங்குதளத்தை வெளியிட்டது. இதனை உருவாக்கியதில் முதன்மைப் பங்கு டாம் ரோலாண்டருடையது. கணினியிலுள்ள கடிகாரச் சுற்று வினாடிக்குப் பல முறை நுண்செயலிக்குக் குறுக்கீட்டுச் சைகை அனுப்பும். அப்போது இயங்குதளம், இயங்கிக்கொண்டிருக்கும் நிரலின் நிலையைச் சேமித்துவிட்டு அடுத்த நிரலுக்கு வாய்ப்பளிக்கும். மாற்றம் விரைவாக நிகழ்வதால் எல்லா நிரல்களும் ஒருங்கே இயங்குவதாகப் பயனருக்குத் தோன்றும். ஒரே கணினியுடன் பல முனையங்களை இணைத்துப் பலர் பணியாற்றவும் முடிந்தது.

இதில் நினைவகமே பெரும் சிக்கலாக இருந்தது. 8080 நுண்செயலி ஒரு நேரத்தில் 64 கிலோபைட்டு நினைவகத்தை மட்டுமே அணுகக் கூடியது. மேலும் சிபி/எம் நிரல்கள் யாவும் 256 என்னும் முகவரியிலிருந்து தொடங்குமாறு எழுதப்பட்டிருந்தன. ஒரே இடத்தைக் கோரும் இரு நிரல்களை அருகருகே வைக்க இயலாது. இதற்கு எம்பி/எம் இரு தீர்வுகளை அளித்தது. ஒன்று, 256 பைட்டுகள் கொண்ட பக்கங்களாக இடம் மாற்றி வைக்கத்தக்க தனி வகை நிரல் கோப்பு. மற்றொன்று, நினைவகத்தைப் பல தொகுதிகளாகப் பிரித்து, தேவைப்படும் தொகுதியை மட்டும் நுண்செயலியுடன் இணைக்கும் முறை. இருவர் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் மாற்றினால் தரவு கெட்டுவிடும் என்பதால், பின்வந்த பதிப்பில் பதிவுகளைப் பூட்டும் வசதியும் சேர்க்கப்பட்டது.

ஐபிஎம் நிறுவனத்துடன் பேச்சு

1980இல் ஐபிஎம் தனது தனிநபர் கணினிக்கான இயங்குதளத்தைத் தேடி டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தை அணுகியது. அன்று கில்டால் விமானம் ஓட்டி மகிழச் சென்றுவிட்டதால் வாய்ப்பு நழுவியது என்றொரு கதை பரவலாக வழங்குகிறது. அவர் தம் விமானத்தில் சென்றது தொழில் தொடர்பான சந்திப்புக்காகவே. அன்று பிற்பகலே திரும்பியும் விட்டார். நிறுவனத்தின் ஒப்பந்தங்களை வழக்கமாகக் கவனித்து வந்த டாரதி, ஐபிஎம் முன்வைத்த இரகசியக் காப்பு உடன்படிக்கையில் கையெழுத்திடத் தயங்கினார். அதன்பின் நடந்தவை பற்றித் தொடர்புடையவர்களின் கூற்றுகள் வேறுபடுகின்றன.

மைக்ரோசாப்ட் நிறுவனம், டிம் பேட்டர்சன் எழுதிய 86-டாஸ் என்னும் இயங்குதளத்தைப் பெற்று ஐபிஎம்முக்கு வழங்கியது. அதன் கட்டளை இடைமுகம் சிபி/எம்மை ஒத்திருந்ததைக் கில்டால் எதிர்த்தார். இதையடுத்து சிபி/எம்-86 இயங்குதளத்தையும் விற்க ஐபிஎம் இணங்கியது. ஆனால் பிசி டாஸ் 40 டாலருக்கும், சிபி/எம்-86 240 டாலருக்கும் விற்கப்பட்டன. பெரும்பாலானோர் விலை குறைந்ததையே வாங்கினர்.

கன்கரன்ட் சிபி/எம்

டிஜிட்டல் ரிசர்ச் தொடர்ந்து பல்பணியாக்கத்தில் முனைந்தது. எம்பி/எம்-86 இயங்குதளத்தின் கருவையும் சிபி/எம்-86 இயங்குதளத்தையும் இணைத்து கன்கரன்ட் சிபி/எம்-86 உருவாக்கப்பட்டது. இத்திட்டத்தின் மேலாளர் கேத்ரின் ஸ்ட்ருட்டின்ஸ்கி. எம்பி/எம் பல பயனர்களுக்கானது. இதுவோ ஒரே பயனரின் பல பணிகளுக்கானது. ஒரே திரையில் நான்கு மெய்நிகர் திரைகள் இருந்தன. ஒன்றில் கடிதம் எழுதிக்கொண்டே, மற்றொன்றில் கணக்கீடு நடைபெற விட்டு, விசைகளை அழுத்தித் திரை மாறிக்கொள்ளலாம்.

இது பெருமளவில் பரவாமைக்குத் தொழில்நுட்பக் காரணங்களும் இருந்தன. முதலாம் ஐபிஎம் தனிநபர் கணினியின் அடிப்படை வடிவத்தில் 16 கிலோபைட்டு நினைவகமே இருந்தது. பல நிரல்களை ஒருங்கே வைத்திருக்க மேலும் நினைவகம் வாங்க வேண்டியிருந்தது. அதிலிருந்த 8088 நுண்செயலிக்கு நினைவகத்தைப் பாதுகாக்கும் திறன் இல்லை. ஆதலால் பிழையுள்ள ஒரு நிரல் மற்றவற்றையும் நிலைகுலையச் செய்யக்கூடும். யாவற்றினும் மேலாக, மக்கள் விரும்பிய நிரல்கள் பிசி டாசுக்காக எழுதப்பட்டவை. அவற்றுள் பல, விரைவு கருதி இயங்குதளத்தைத் தவிர்த்துத் திரை நினைவகத்தில் நேரடியாக எழுதின. கணினி முழுவதும் தனக்கே உரியது எனக் கருதும் நிரலை மற்றொன்றுடன் சேர்த்து இயக்குவது கடினம்.

1980களின் நடுப்பகுதியில் டாஸ் நிரல்களையும் இயக்கவல்ல கன்கரன்ட் டாஸ் வெளிவந்தது. 1985இல் வந்த 80386 நுண்செயலி ஒவ்வொரு டாஸ் நிரலுக்கும் தனிக் கணினி போன்ற சூழலை அளித்தது. இதனைப் பயன்படுத்தி 1987இல் கன்கரன்ட் டாஸ் 386 வெளியானது. இவ்வரிசையின் மற்றொரு கிளையை ஐபிஎம் நிறுவனமே தனது 4680 கடை விற்பனைக் கணினிகளில் பயன்படுத்தியது என்பது குறிப்பிடத்தக்கது.

பிற பணிகள்

1980களில் கில்டால், ஸ்டுவர்ட் ஷிஃபேயுடன் இணைந்து கம்ப்யூட்டர் குரோனிக்கிள்ஸ் என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியை வழங்கினார். இவர் தொடங்கிய மற்றொரு நிறுவனம் குரோலியர் கலைக்களஞ்சியத்தைக் குறுவட்டில் வெளியிட வழிசெய்தது. 1991இல் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் நோவெல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

மறைவும் மதிப்பீடும்

1994 ஜூலையில் மொன்டெரே நகரில் தலையில் ஏற்பட்ட காயத்தால் கில்டால் தமது 52ஆம் அகவையில் காலமானார். சியாட்டில் நகரில் அடக்கம் செய்யப்பட்டார். 2014இல் மின்னியல், மின்னணுவியல் பொறியாளர் கழகமான ஐஇஇஇ, பசிபிக் குரோவில் நிறுவனத்தின் பழைய கட்டடம் இருந்த இடத்தில் நினைவுப் பலகை அமைத்தது. இவர் எழுதிய நினைவுக் குறிப்பின் முதற்பகுதியை 2016இல் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது.

ஓர் ஒப்பந்தம் கைநழுவிய நிகழ்வைக் கொண்டே கில்டாலின் வாழ்க்கையை அளவிடுவது பொருந்தாது. வன்பொருளிலிருந்து இயங்குதளத்தைப் பிரித்தல், ஒரு நுண்செயலியைப் பல நிரல்களுக்குப் பகிர்ந்தளித்தல், ஒரு திரையைப் பல திரைகளாக்குதல் ஆகியவை இவரும் இவருடைய நிறுவனத்தாரும் சிறு கணினிகளில் செய்துகாட்டியவை. இவை இன்று கணினிகளிலும் கைபேசிகளிலும் இயல்பான வசதிகளாக உள்ளன.