ஃபேனி ஃபார்மர்

ஃபேனி மெரிட் ஃபார்மர் (மார்ச் 23, 1857 – ஜனவரி 1915) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த சமையற்கலை ஆசிரியரும் நூலாசிரியரும் ஆவார். கோப்பையையும் கரண்டியையும் விளிம்பு மட்டத்திற்குச் சமப்படுத்தி அளக்கும் முறையை அந்நாட்டு வீடுகளில் நிலைபெறச் செய்தவராக அறியப்படுகிறார். 1896 இல் இவர் வெளியிட்ட பாஸ்டன் சமையற் பள்ளிச் சமையல் நூல் பின்னாளில் இவருடைய பெயராலேயே வழங்கலாயிற்று. சாக்கலேட் பிரௌனி என்னும் மென்மையான இனிப்புக்கான தொடக்ககாலச் செய்முறைகளுள் ஒன்று இந்நூலின் 1906 ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றுள்ளது.

பிறப்பும் இளமையும்

ஃபார்மர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஃபிராங்க்ளின் ஃபார்மர் அச்சுத் தொழிலில் ஈடுபட்டிருந்தவர். தாயார் மேரி வாட்சன் மெரிட். நான்கு மகள்களுள் மூத்தவரான இவர் அருகிலுள்ள மெட்ஃபோர்டு நகரில் வளர்ந்தார். பெண்கல்வியில் நம்பிக்கை கொண்ட பெற்றோர் இவரைக் கல்லூரிக்கு அனுப்ப எண்ணியிருந்தனர். ஆனால் 16 ஆவது வயதில் இவர் வாத நோயால் தாக்கப்பட்டார். அது இளம்பிள்ளை வாதமாக இருக்கலாம் எனப் பிற்காலத்தவர் சிலர் கருதுகின்றனர். பல ஆண்டுகள் நடக்க இயலாமல் வீட்டிலேயே இருக்க நேர்ந்ததால் பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. இக்காலத்தில் சமையலில் ஈடுபாடு கொண்டார். கட்டணம் பெற்று விருந்தினரைத் தங்கவைத்த இவர்களுடைய வீடு உணவுக்காகப் பெயர் பெற்றது. ஓரளவு நடக்கத் தொடங்கிய பின்னும் கால் ஊனம் இவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்தது.

பாஸ்டன் சமையற் பள்ளி

பாஸ்டன் சமையற் பள்ளி 1879 இல் நிறுவப்பட்டது. வீட்டுப் பெண்களுக்கும் சமையல் தொழிலுக்குச் செல்வோருக்கும் முறையான பயிற்சி அளிப்பது அதன் நோக்கம். ஃபார்மர் ஏறத்தாழ 30 வயதில், 1887 இல், அங்கு மாணவியாகச் சேர்ந்தார். 1889 இல் பயிற்சியை முடித்ததும் அங்கேயே உதவிப் பொறுப்பில் அமர்த்தப்பட்டு, சில ஆண்டுகளில் பள்ளியின் தலைவரானார்.

அளவு முறை

அக்காலச் சமையற் குறிப்புகளில் முட்டை அளவு வெண்ணெய், குவித்த கரண்டி மாவு என்பன போன்ற அளவுகள் வழக்கில் இருந்தன. தாயிடமோ மாமியாரிடமோ நேரில் கற்றவருக்கு இவை போதுமானவை. அத்தகைய துணையின்றி நூலை மட்டும் நம்பிச் சமைப்பவருக்கு இவை பயன்படவில்லை. இப்பள்ளியின் முதல் தலைவரான மேரி லிங்கன் 1884 இல் எழுதிய நூலில் அளவுகளை ஒழுங்குபடுத்த முயன்றார். எனினும் குவித்த கரண்டி முதலியவை அதிலும் நீடித்தன.

ஃபார்மர் எல்லா அளவுகளையும் சமமட்ட அளவாக்கினார். இம்முறையில் மாவு முதலில் சலிக்கப்படும். பின்னர் கரண்டியால் கோப்பையில் இடப்பட்டு, குலுக்காமல், கத்தியின் நேரான பக்கத்தால் விளிம்போடு வழிக்கப்படும். மாவை அழுத்தினாலோ குலுக்கினாலோ அதே கோப்பை கூடுதல் எடை கொள்ளும். எடையால் அன்றிக் கொள்ளளவால் அளக்கும் முறையில் உள்ள இக்குறையை, அளக்கும் விதத்தை வரையறுத்ததன் மூலம் இவர் பெருமளவு குறைத்தார்.

1896 ஆம் ஆண்டு நூல்

லிட்டில், பிரவுன் பதிப்பகத்தார் இந்நூல் விற்பனையாகும் என்று நம்பவில்லை. எனவே முதற்பதிப்பின் 3,000 படிகளுக்கான செலவை ஆசிரியரே ஏற்க வேண்டியதாயிற்று. பதிப்புரிமையை ஃபார்மர் தம்மிடமே வைத்துக்கொண்டார். நூல் பலமுறை மறுபதிப்பு கண்டதால் அதன் வருவாயும் பெரும்பாலும் இவருக்கே கிடைத்தது. 1,800 க்கும் மேற்பட்ட செய்முறைகளுடன் உணவின் வேதியியல், ஊட்டம் ஆகியன பற்றிய விளக்கங்களும் இதில் உள்ளன.

பிரௌனி செய்முறை

1896 ஆம் ஆண்டுப் பதிப்பில் பிரௌனி என்னும் பெயரில் உள்ள பண்டத்தில் சாக்கலேட் இல்லை. அது கரும்புப் பாகும் பீக்கன் கொட்டையும் சேர்த்துச் சிறு அச்சுகளில் சுடப்பட்ட கேக் ஆகும். 1906 ஆம் ஆண்டுப் பதிப்பில் சாக்கலேட் பிரௌனி இடம்பெற்றது. இதைக் கண்டுபிடித்தவர் ஃபார்மர் எனக் கூற இயலாது. 1904 இல் வெளிவந்த சில உள்ளூர்ச் சமையல் நூல்களிலும் இத்தகைய செய்முறைகள் உள்ளன. 1893 உலகக் கண்காட்சியின்போது தங்கள் சமையலறையில் இது உருவானதாகச் சிகாகோவின் பாமர் ஹவுஸ் விடுதியும் உரிமை கோரியது.

ஃபார்மரின் செய்முறையில் 1 கோப்பை சர்க்கரை, ¼ கோப்பை உருக்கிய வெண்ணெய், 1 முட்டை, 2 சதுரத் துண்டு சாக்கலேட், ¾ தேக்கரண்டி வனிலாச் சாறு, ½ கோப்பை மாவு, ½ கோப்பை அக்ரூட் பருப்பு ஆகியவை சேர்கின்றன. மாவைப் போல் இரு மடங்கு சர்க்கரை இருப்பதால் ஈரம் தங்குகிறது. முட்டை நுரைக்க அடிக்கப்படுவதில்லை. சோடா உப்பும் இல்லை. ஆகவே பண்டம் உப்பாமல் அடர்த்தியாகவும் மென்மையாகவும் அமைகிறது. இவ்வளவு குறைந்த மாவில் அரைக் கோப்பை என்பது குவித்த அரைக் கோப்பையானால் பண்டம் வறண்டுவிடும்.

இக்கலவை 7 அங்குலச் சதுரத் தட்டில் காகிதம் விரித்துச் சமமாகப் பரப்பப்பட்டு, மிதமான சூட்டில் சுடப்படுகிறது. உலோகத் தட்டின் ஓரங்கள் நடுப்பகுதிக்கு முன்பே சூடேறுகின்றன. சூடு மிகுந்தால், நடுப்பகுதி வேகும் முன் ஓரங்கள் ஈரம் இழந்து கெட்டியாகிவிடும். மிதமான சூடு இந்த வேறுபாட்டைக் குறைக்கிறது. அடுப்பிலிருந்து எடுத்தவுடன் கவிழ்த்துக் காகிதத்தை உரித்து, கூரிய கத்தியால் துண்டாக்க வேண்டும். இது சூடான தட்டில் ஓரங்கள் தொடர்ந்து காய்வதையும் தடுக்கிறது. வெப்பத்தைத் தானே சீராக்கும் அடுப்புகள் பரவலாகாத காலத்தில் எழுதப்பட்ட குறிப்பு இது என்பது குறிப்பிடத்தக்கது.

நோயாளர் உணவு

1902 இல் பாஸ்டன் சமையற் பள்ளியிலிருந்து விலகி, தம் பெயரில் தனிப் பள்ளி தொடங்கினார். 1904 இல் நோயாளருக்கும் நோயிலிருந்து தேறுவோருக்குமான உணவு பற்றிய நூலை வெளியிட்டார். நீரிழிவு நோயாளருக்குரிய உணவும் அதில் விளக்கப்பட்டது. இன்சுலின் மருத்துவம் 1922 இல்தான் தொடங்கியது என்பதால், அந்நோயாளருக்கு அன்று உணவுக் கட்டுப்பாடே முதன்மையான மருத்துவமாக இருந்தது. நீண்ட காலம் படுக்கையில் கழித்த ஃபார்மர் தம் பணிகளுள் இதனையே முதன்மையானதாகக் கருதினார். செவிலியருக்குப் பயிற்சி அளித்ததோடு ஹார்வர்டு மருத்துவப் பள்ளியிலும் விரிவுரையாற்றினார். தங்கை கோராவுடன் இணைந்து மகளிர் இதழொன்றில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் சமையற் பகுதி எழுதிவந்தார்.

இறுதிக்காலமும் மறைவும்

வாழ்வின் கடைசி ஏழு ஆண்டுகளில் ஃபார்மர் சக்கர நாற்காலியைச் சார்ந்திருந்தார். ஆயினும் விரிவுரைகளை நிறுத்தவில்லை. இறப்பதற்குப் பத்து நாட்களுக்கு முன்புவரை உரையாற்றினார். 1915 ஜனவரியில், தமது 57 ஆவது வயதில், பாஸ்டனில் காலமானார். இவருடைய நூலை முதலில் குடும்பத்தினரும், 1979 ஆம் ஆண்டுப் பதிப்பில் மரியன் கன்னிங்காமும் திருத்தி வெளியிட்டனர்.