கஞ்சிக் கிண்ணத்துக்காகப் பிறந்த கால்பந்துக் கழகம்

தாது வருஷப் பஞ்சம் என்ற சொல் நம் ஊர்ப் பெரியவர்கள் வாயில் இன்றும் வருகிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்டவற்றுள் அன்றைய சேலம் மாவட்டமும் ஒன்று. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்திலும் இப்படி ஒரு பஞ்சம் வந்தது. உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கி, ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர்.

அந்தப் பஞ்சம் தொடங்கியபோது ஐந்து வயதாயிருந்த ஒரு சிறுவனைப் பற்றியே இந்தச் சிந்தனை. பெயர் ஆண்ட்ரூ கெரின்ஸ். 1840-ல் ஸ்லைகோ மாநிலத்தின் பாலிமோட் என்ற ஊரில், ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பதினைந்தாம் வயதில் பிழைப்புத் தேடி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குச் சென்றார். 1864-ல் மரிஸ்ட் அருட்சகோதரர்கள் சபையில் சேர்ந்தார். சபையில் அவருக்குக் கிடைத்த பெயர் வால்ஃபிரிட். உலகம் அறிந்ததும் அந்தப் பெயரைத்தான்.

1874-ல் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் திரு இருதயப் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். பிள்ளைகள் அயர்லாந்திலிருந்து வந்த கூலித் தொழிலாளரின் பிள்ளைகள். ஒரே அறையில் ஒரு குடும்பம், நோய், பசி. வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பது ஆசிரியருக்குத் தெரியும். மதிய உணவுத் திட்டம் கண்ட தமிழ்நாட்டில் இதை விளக்க வேண்டியதில்லை.

1884-ல் வின்சென்ட் தே பவுல் சபையாரோடு சேர்ந்து ஏழைப் பிள்ளைகளுக்கு உணவுப் பந்தி தொடங்கினார். ஒரு பென்னி கொடுத்தால் சூடான சாப்பாடு. வீட்டிலிருந்து ரொட்டி கொண்டு வந்தால் அரை பென்னிக்குச் சூப். எதுவுமே இல்லாத பிள்ளைக்கு இலவசம். பென்னி வாங்கியது வருமானத்துக்காக அல்ல, பெற்றோரின் மானத்தைக் காக்க என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிற சபையாரின் கஞ்சித் தொட்டிகளுக்குப் போய்ப் பிள்ளைகள் நம் விசுவாசத்தை விட்டுவிடுவார்களோ என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. அந்தக் காலத்துப் பிரிவினையை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

பந்தி பெருகியது, பணம் போதவில்லை. எடின்பரோவில் 1875-ல் அருட்தந்தை எட்வர்ட் ஹானன் ஐரிஷ் இளைஞர்களுக்காகத் தொடங்கிய ஹைபர்னியன் கழகம், 1887-ல் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. கால்பந்துக்குக் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் காசு வரும் என்று கண்டுகொண்டார் வால்ஃபிரிட். 1887 நவம்பர் 6 அன்று புனித மரியா பங்கு மண்டபத்தில் ஒரு கழகம் பிறந்தது. பலர் எடின்பரோ கழகத்தின் பெயரையே வைக்க விரும்ப, செல்டிக் என்ற பெயரைச் சொன்னவர் அவர். ஐரிஷ்காரருக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கும் பொதுவான பெயர் அது.

குத்தகைக்கு எடுத்த நிலத்தை மக்களே கூலியின்றிச் சமன் செய்து ஆறே மாதத்தில் மைதானமாக்கினர். 1888 மே 28 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் செல்டிக், ரேஞ்சர்ஸ் அணியை 5-2 என்று வென்றது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அன்று ஸ்காட்லாந்தில் ஆட்டக்காரருக்கு ஊதியம் தருவது விதிக்குப் புறம்பு. ஆயினும் செல்டிக் நிர்வாகிகள் ஆசை காட்டி, ஹைபர்னியன் கழகத்தின் சிறந்த ஆட்டக்காரர் பலரை இழுத்துக்கொண்டனர். வழிகாட்டிய கழகம் நொடித்துப்போனது. பசித்த பிள்ளைகளுக்காகத் தொடங்கியது என்பதால் இது சரியாகிவிடாது.

நிலக்காரர் குத்தகையை 50 பவுண்டிலிருந்து 450-க்கு உயர்த்தினார். கழகம் பக்கத்தில் கைவிடப்பட்ட செங்கல் சூளைப் பள்ளத்தை நிரப்பி 1892-ல் புது மைதானம் கண்டது. அதே ஆண்டு ஸ்காட்டிஷ் கோப்பையையும் முதன்முறையாக வென்றது. அதே ஆண்டில்தான் சபை மேலிடம் வால்ஃபிரிட்டை இலண்டனுக்கு மாற்றியது. மாற்றல் கடிதம் எப்போது வரும் என்பது பங்குத்தந்தையர் எங்களுக்கும் தெரிந்த கதைதான். கட்டத் தொடங்கிய சுவர் பாதியில் நிற்க, பெட்டியைக் கட்டுகிறோம். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு எடுத்த அவரும் போனார்.

அவர் போனபின் கழகத்தின் போக்கு மாறியது. 1893-ல் ஊதிய ஆட்டம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. 1897-ல் கழகம் பங்குதாரர்களின் நிறுவனமானது. அதைத் தருமக் காரியமாகவே வைத்திருக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் தோற்றனர். இலாபம் பங்குதாரருக்குப் போயிற்று, உணவுப் பந்திக்கான காசு சுருங்கிற்று.

வால்ஃபிரிட் இலண்டனின் கிழக்குப் பகுதியில் ஏழைச் சிறுவர்களைக் கூட்டி மறுபடியும் விளையாட்டுப் போட்டிகள் நடத்திக்கொண்டிருந்தார். 1911-ல் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பிய செல்டிக் அணியினரை அங்கே சந்தித்தார். அவர் நட்ட செடி மரமாகியிருந்தது. அதன் நிழலில் பிள்ளைகளின் பந்தி எங்கே என்று அவர் உள்ளம் தேடியிருக்காதா?

1915 ஏப்ரல் 17 அன்று ஸ்காட்லாந்தின் டம்ஃபிரிஸ் நகரில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 1967-ல் செல்டிக் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. ஆடிய பதினொரு பேரும் கிளாஸ்கோவைச் சுற்றி முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். 2005-ல் மைதானத்தின் வாசலில் அவருக்குச் சிலை வைத்தார்கள். ஆட்ட நாளில் ஆயிரக்கணக்கானோர் நுழைவுச் சீட்டோடு அந்தச் சிலையைக் கடந்துதான் உள்ளே போகிறார்கள்.