ஒரு வசனம் தனியாக நின்றபோது: ஜான் பன்யனின் ஜீவியம்



மோட்ச பிரயாணம் புத்தகத்தைப் பற்றிக் கேள்விப்படாத விசுவாசிகள் நம்ம மத்தியில் குறைவு. முதுகில் பாரத்தைச் சுமந்துகொண்டு ஒரு மனுஷன் அழிவின் நகரத்தை விட்டு ஓடுகிறான். சிலுவையண்டை வந்ததும் அந்தப் பாரம் கழன்று உருண்டு போகிறது. ஞாயிறு பள்ளியில் எத்தனையோ தடவை கேட்ட கதைதான். ஆனால் அதை எழுதின ஜான் பன்யன், ஒரே ஒரு வேத வசனத்தில் மாட்டிக்கொண்டு ராத்தூக்கம் இல்லாமல் தவித்தவர் என்பதும், இன்னொரு வசனம் வந்துதான் அவரைத் தூக்கி நிறுத்தியது என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. இந்த மாதம் அந்தத் தேவ மனுஷனுடைய ஜீவியத்தைத் தியானிப்போம்.

சீதனமாய் வந்த இரண்டு புத்தகங்கள்

1628-ம் வருஷம், இங்கிலாந்து தேசத்தில் பெட்ஃபோர்டு பட்டணத்துக்குப் பக்கத்தில் எல்ஸ்டோ என்ற கிராமத்தில் பன்யன் பிறந்தார். தகப்பனுக்கு ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுக்கிற தொழில். மகனும் அதே தொழிலுக்குத்தான் போனார். எழுதப் படிக்கக் கற்றதோடு படிப்பு முடிந்தது. வாயைத் திறந்தால் சத்தியம் பண்ணுவதும் சபிப்பதும்தான் அந்த வாலிபனுக்குப் பழக்கம். ராட்சதர்களும் வலுசர்ப்பங்களும் வீரர்களும் வருகிற மலிவுக் கதைப்புத்தகங்கள் என்றால் உயிர். வேதபுத்தகத்தைத் தொட மனசே வராது.

உள்நாட்டு யுத்தக் காலத்தில் பட்டாளத்தில் இருந்தபோது, இவர் போக வேண்டிய முற்றுகைக்கு இன்னொருவர் தானாகவே இவருக்குப் பதிலாகப் போனார். காவல் நின்ற இடத்திலேயே தலையில் குண்டு பட்டு அவர் இறந்துபோனார். பாருங்க, அப்போதே கர்த்தருடைய கை இவர்மேல் இருந்திருக்கிறது. ஆனாலும் பன்யன் மனந்திரும்பவில்லை.

பிறகு கல்யாணம் நடந்தது. வீட்டில் ஒரு தட்டு, ஒரு கரண்டிகூட இல்லாத தரித்திரம். ஆனால் அந்தச் சகோதரி, தன் தகப்பனார் விட்டுப்போன இரண்டு பக்திப் புத்தகங்களைக் கொண்டுவந்தாள். ஒன்று ஆர்தர் டென்ட் எழுதியது, மற்றது லூயிஸ் பெய்லி எழுதியது. டென்ட்டின் புத்தகத்தில் நாலு பேர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து இரட்சிப்பைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். புருஷனும் மனைவியுமாய் இவைகளை வாசித்தார்கள். உள்ளே ஏதோ அசைந்தது. நகை நட்டு சீதனமாய் வந்திருந்தால் என்றைக்கோ விற்றுத் தின்றிருப்பார்கள். வந்தது புத்தகமாக இருந்ததால் அதன் பலன் இன்றைக்கும் நிற்கிறது.

ஒருநாள் பெட்ஃபோர்டு தெருவில் மூன்று நாலு ஏழை ஸ்திரீகள் வாசற்படியில் வெயில் காய்ந்துகொண்டு, மறுபிறப்பைப் பற்றிச் சந்தோஷமாய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்தியைப் பற்றித் தானும் நன்றாகப் பேசுவேன் என்று நினைத்திருந்த பன்யனுக்கு, அவர்கள் பேசின ஒன்றும் புரியவில்லை. தன்னிடம் இல்லாத ஏதோ ஒன்று அவர்களிடம் இருப்பதை மட்டும் உணர்ந்தார். அந்தச் சகோதரிகள் கூடிவந்த சபைக்கு ஜான் கிஃபர்டு என்பவர் போதகர். அவருடைய ஆலோசனையைத் தேடிப்போன பன்யன், பின்பு அந்தச் சபையிலேயே சேர்ந்தார்.

இரண்டு வசனங்களின் யுத்தம்

இனிதான் பெரிய சோதனை. கிறிஸ்துவை விற்றுவிடு என்று ஒரு சத்தம் இரவும் பகலும் பன்யனுடைய மனதில் அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பிட உட்கார்ந்தாலும் விடாது, வேலை செய்தாலும் விடாது. போராடிப் போராடிக் களைத்துப்போய், ஒரு காலையில், அவர் போனால் போகட்டும் என்று மனசு இடங்கொடுத்துவிட்டது. அவ்வளவுதான். உடனே ஏசாவைப் பற்றிய எபிரெயர் 12:16,17 இடிமாதிரி அவர்மேல் விழுந்தது. சேஷ்டபுத்திரபாகத்தை விற்றுப்போட்டு, பிறகு கண்ணீரோடு தேடியும் பெறாமல்போன ஏசா நான்தான் என்று முடிவுகட்டிவிட்டார்.

அன்பானவர்களே, வேதத்தை வாசிக்காததால் வந்த துன்பம் அல்ல இது. ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றியிருக்கிற மற்ற வசனங்களைப் பார்க்க முடியாமல்போனதால் வந்த துன்பம்.

இந்தச் சோதனைக்கு முன்பே ஒரு சமயம் ஒரு ஆறுதலான வார்த்தை அவர் மனதில் பலமாய் வந்தது. பூர்வ தலைமுறைகளைப் பார், கர்த்தரை நம்பி வெட்கப்பட்டுப்போனவன் எவன் என்பது அதன் கருத்து. இது எந்த அதிகாரம், எந்த வசனம் என்று வேதபுத்தகத்தைப் புரட்டினார். கிடைக்கவில்லை. ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரைக்கும் தேடினார். விசுவாசிகளிடம் கேட்டார், ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் தேடின பிறகு, தள்ளுபடி ஆகமங்களில் ஒன்றான சீராக்கின் புத்தகத்தில் அதைக் கண்டுபிடித்தார். முதலில் கொஞ்சம் திடுக்கிட்டார். இது பரிசுத்த வேதாகமத்தில் சேர்ந்தது இல்லையே! பின்பு யோசித்துப் பார்த்தார். வேதத்திலுள்ள அநேக வாக்குத்தத்தங்களின் சாரம்தானே இந்த ஒரு வரியில் இருக்கிறது என்று கண்டு ஆறுதலடைந்தார். ஒரு வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கவும் தெரிந்தவர், வேதத்தோடு வைத்து அதை நிறுத்துப் பார்க்கவும் தெரிந்தவர்.

இன்னொரு சமயம் மார்ட்டின் லூத்தர் கலாத்தியருக்கு எழுதின விளக்கவுரை அவர் கைக்கு வந்தது. புரட்டினால் கிழிந்துவிடும் போலிருந்த பழைய பிரதி. வாசித்தால், தன் இருதயத்தைப் பார்த்து எழுதினதுபோல் இருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னே ஜெர்மனியில் ஒருவர் பட்ட அதே பாடு! காயப்பட்ட மனசாட்சிக்கு வேதபுத்தகத்துக்கு அடுத்தபடி இதுதான் என்று சாட்சி கொடுத்தார்.

கடைசியில் 2 கொரிந்தியர் 12:9-ல் உள்ள கிருபையின் வசனம் வந்தது. ஆனால் ஏசாவின் வசனமும் போகவில்லை. தராசு மாதிரி ஒருநாள் இது ஏறும், ஒருநாள் அது ஏறும். அப்போது பன்யன் ஒரு ஜெபம் பண்ணினார். கர்த்தாவே, இந்த இரண்டு வசனமும் ஒரே நேரத்தில் என் மனதில் சந்திக்கட்டும், எது ஜெயிக்கிறதென்று பார்க்கிறேன் என்று கேட்டார். சில நாட்களில் அப்படியே இரண்டும் சந்தித்தன. ஏசாவின் வசனம் மெல்ல மெல்லப் பின்வாங்கியது. கிருபையின் வசனம் நின்றது. அதற்குப் பிறகுதான், தன்னைப் பயமுறுத்தின எபிரெயர் வசனத்தை அவர் தைரியமாய்த் திரும்ப எடுத்து, அதன் அர்த்தம் என்னவென்று ஆராய்ந்து பார்த்தார். அல்லேலூயா!

சிறைச்சாலையில் இரண்டு புத்தகங்கள்

பாத்திரம் அடைக்கிற கையோடு பிரசங்கமும் பண்ண ஆரம்பித்தார் பன்யன். ஜனங்கள் திரளாய் வந்தார்கள். அனுமதியில்லாமல் கூட்டம் நடத்துகிறார் என்று 1660 நவம்பர் 12-ல் கைதுபண்ணினார்கள். இனி பிரசங்கிக்கமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் விடுதலை. அவர் சொல்லவில்லை. முதல் மனைவி முன்பே காலமாகியிருந்தாள். இரண்டாம் மனைவி எலிசபெத், கைதான அதிர்ச்சியில் கர்ப்பத்திலிருந்த குழந்தையை இழந்தும், நியாயாதிபதிகள் முன்னே போய் நின்று துணிச்சலாய் வாதாடினாள். பலிக்கவில்லை. மூத்த தாரத்துப் பிள்ளைகள் நாலு பேர், அதில் மூத்தவள் மேரிக்குப் பிறவியிலேயே கண்பார்வை இல்லை. அந்தப் பிள்ளையை நினைக்கும்போதெல்லாம் இருதயம் நொறுங்கியது என்று அவரே எழுதியிருக்கிறார்.

12 வருஷம் சிறை. உள்ளே நாடாக்களுக்கு உலோக முனை வைத்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். கூடவே இருந்தவை வேதபுத்தகமும், ஜான் ஃபாக்ஸ் எழுதின இரத்தசாட்சிகளின் சரித்திரமும். 1666-ல் தன் சாட்சியைப் புத்தகமாய் வெளியிட்டார். 1672-ல் விடுதலையாகி, பெட்ஃபோர்டு சபைக்குப் போதகரானார். மோட்ச பிரயாணம் 1678-ல் அச்சாகி வெளிவந்தது.

அந்தப் புத்தகத்தின் பக்க ஓரங்களைப் பார்த்திருக்கிறீர்களா? கதை ஒரு பக்கம் ஓட, ஓரத்தில் வேத வசன எண்கள் வரிசையாய் நிற்கும். கந்தை உடுத்தின மனுஷன் என்றால் ஏசாயா 64:6. முதுகில் பாரம் என்றால் சங்கீதம் 38:4. அப்பொல்லியோன் என்ற பேர் வெளிப்படுத்தின விசேஷம் 9:11-ல் இருந்து வருகிறது. அவனுடைய செதில் யோபு 41-ல் உள்ள லிவியாதானுடையது. கரடிக் காலும் சிங்க வாயும் வெளிப்படுத்தின விசேஷம் 13:2-ல் இருக்கிறது. கதையில் லயித்துப்போகிறவனைக் கையைப் பிடித்து வேதத்துக்குள் கூட்டிக்கொண்டு போகிற வாசல்கள் அவை.

வேதம் மட்டுமா? வழிப்பிரயாணிகள் பேசிக்கொண்டே நடப்பது, மனைவி கொண்டுவந்த டென்ட்டின் புத்தகத்தை நினைப்பூட்டுகிறது. மாயச்சந்தையில் உண்மையுள்ளவன் நியாயம் விசாரிக்கப்பட்டுக் கொல்லப்படும் இடத்தில் ஃபாக்ஸின் இரத்தசாட்சிகள் தெரிகிறார்கள். வாலிபத்தில் வாசித்த கதைகளின் ராட்சதர்களும் வந்துவிட்டார்கள், ஆனால் இப்போது கர்த்தருக்கு வேலை செய்ய!

திருடினாரா?

பாத்திரம் அடைக்கிறவனுக்கு இப்படி எழுத வருமா, யாரிடமோ எடுத்துத் தன் பேரைப் போட்டுக்கொண்டான் என்று சிலர் தூற்றினார்கள். 1682-ல் வந்த பரிசுத்த யுத்தம் என்ற தன் புத்தகத்தில் பன்யன் பதில் கொடுத்தார். பொருளும் நடையும் தன் இருதயத்திலிருந்து வந்தவை, முடியும்வரை ஒருவரும் கை வைக்கவில்லை என்று சொன்னார். இதற்கிடையில் வேறொருவர் இரண்டாம் பாகம் என்று ஒன்றை எழுதி வெளியிட்டார். பன்யன் 1684-ல் தானே இரண்டாம் பாகத்தை எழுதி, கிறிஸ்தியானின் மனைவியையும் பிள்ளைகளையும் மோட்சவழியில் நடத்தினார்.

கடன் வாங்குவது வேறு, களவு வேறு. பன்யன் தான் குடித்த ஊற்றை மறைக்கவில்லை, ஓரத்திலேயே விலாசம் எழுதி வைத்தார். ஆனால் வசனங்களைக் கோர்த்த நூல் அவருடைய சொந்தக் கண்ணீர். அதை யாரிடமும் இரவல் வாங்க முடியாது.

1688-ல், ஒரு தகப்பனையும் மகனையும் ஒப்புரவாக்கப் போய், திரும்பும் வழியில் மழையில் நனைந்து ஜுரம் கண்டு, ஆகஸ்டு 31-ல் லண்டனில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

ஊற்று அதோடு நிற்கவில்லை. திருநெல்வேலிச் சீமையில் 1827-ல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பராமாயணத்தில் ஊறி வளர்ந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். அவர் பன்யனுடைய கதையை எடுத்து, கம்பருடைய நடையில் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியமாக்கி 1894-ல் வெளியிட்டார். பெட்ஃபோர்டு சிறைவாசியும் கம்பரும் ஒரே புத்தகத்தில் சந்தித்தார்கள்!

நமக்கு என்ன?

புதுவருஷத்தில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறோமே! முன்னும் பின்னும் என்ன இருக்கிறது, ஓரத்தில் கொடுத்திருக்கிற ஒத்துவாக்கியங்கள் எங்கே கொண்டுபோகின்றன என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? பயமுறுத்துகிற வசனத்தைத் தனியாய்ப் பிடித்தால் சோர்வு வரும். இனிப்பான வசனத்தைத் தனியாய்ப் பிடித்தால் ஏமாற்றம் வரும். சத்துரு நம் ஆண்டவரையே ஒரு வசனத்தைக் காட்டித்தான் சோதித்தான். ஆண்டவர் இன்னொரு வசனத்தால் ஜெயித்தார் (மத்தேயு 4:6,7).

சந்தேகக் கோட்டையில் அடைபட்ட கிறிஸ்தியானுக்கு, வாக்குத்தத்தம் என்ற சாவி முதலிலிருந்தே மடியில்தான் இருந்தது. அவனுக்குத்தான் ஞாபகம் வரவில்லை. நம்மிடமும் சாவி இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி குடும்ப ஜெபத்தில் உங்களைக் கலங்கவைக்கிற வசனத்தை எடுத்து, அதன் ஒத்துவாக்கியத்தைத் தேடிப் பாருங்க. பரிசுத்த ஆவியானவர் தாமே உங்களை நடத்துவாராக. ஆமென்.