சிறையிலிருந்து திரும்பிய பாகவதர்

திருச்சி காந்தி மார்க்கெட்டிலிருந்து சங்கிலியாண்டபுரம் அதிக தூரமில்லை. தமிழ்நாட்டையே பாட்டால் மயக்கிய ஒருவரின் நினைவிடம் அங்கே இருக்கிறது. அவர்தான் எம்.கே. தியாகராஜ பாகவதர்.

பாகவதர் 1910-ல் மாயவரத்தில் பிறந்தார். தந்தை நகைத் தொழிலாளி. குடும்பம் திருச்சிக்கு வந்தது. எப்.ஜி. நடேசய்யரின் ரசிக ரஞ்சன சபா, சிறுவனுக்கு அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசன் வேடம் கொடுத்தது. பையனின் குரலைக் கேட்டவர்கள் சொக்கிப் போனார்கள். பிறகு முறைப்படி சங்கீதம் கற்றார்.

மூன்று தீபாவளி!

1934-ல் "பவளக்கொடி" படத்தில் நடித்தார். புகழ் மளமளவென்று வளர்ந்தது. 1944 தீபாவளிக்கு வந்த "ஹரிதாஸ்", சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது.

ஆனால் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தபோதே இடி விழுந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். 1945-ல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மறு விசாரணையில், 1947-ல் குற்றமற்றவர் என்று விடுதலையானார்.

உலகம் மாறிவிட்டது

வெளியே வந்து அவர் நடித்த முதல் படம் "ராஜமுக்தி" (1948). சி.ஆர். சுப்பராமன் இசை அமைத்தார். படம் தோற்றது. "அமரகவி", "சியாமளா" (1952), அவரே டைரக்ட் செய்த "புதுவாழ்வு" (1957) ஆகியவையும் பழைய வெற்றியைத் தரவில்லை.

குரல் கெட்டுவிட்டதா? இல்லவே இல்லை! ஜனங்களின் ரசனைதான் மாறிவிட்டது. முன்பு பாட்டுக்காகப் படம் பார்த்தார்கள். இப்போது வசனத்துக்காகப் பார்த்தார்கள். "பராசக்தி" வந்ததும் அதே 1952-ல்தான்.

ஆனாலும் "ராஜமுக்தி" பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். அதே உச்ச ஸ்தாயி, அதே தெளிவான உச்சரிப்பு. கூடவே ஓர் உருக்கம். சிறைவாசம் தந்த உருக்கமோ என்று தோன்றும். படம் மறைந்தது, பாட்டு நின்றது.

பாகவதர் 1959 நவம்பர் 1-ந் தேதி சென்னையில் காலமானார். கடைசிப் படமான "சிவகாமி" 1960-ல், அவர் இல்லாமலே வெளிவந்தது.

வெற்றி வந்தபோது பாடியவர்கள் பலர் உண்டு. எல்லாம் கைவிட்டுப் போன பிறகும் சுருதி குறையாமல் பாடினார் பாகவதர். அடுத்த முறை அவர் பாட்டுக் கேட்கும்போது, "ஹரிதாஸ்" பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள்!